எலுமிச்சம்பழத்துக்குள் உட்கார்ந்த மோகினி

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. அத்தனை பேரும் சிதம்பரத்துக்கு வெளியே கொட்டகை போட்டிருக்கும் பொன்னுரங்கம் சாமியைப் பார்க்கப் போகிறவர்கள். பெண்களின் தலைக்கு மேல் சாமி எலுமிச்சம்பழத்தை அறுப்பார். உள்ளே சிவந்திருந்தால் மோகினி பிடித்திருக்கிறதாம். சிவக்காத பழத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட கைராசி!

இசைவாணிக்கு இது மூன்றாவது வாரம். கைக்குழந்தை இருக்கிறதே, அடுத்தது இப்போது வேண்டாம் என்று கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து காரணமே இல்லாமல் அழுகை. புருஷன் கதிரவன் பக்கத்தில் வந்தால் ஆசையே எழவில்லை. மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மாமியார் லோகநாயகி கறாராகச் சொல்லிவிட்டாள்:

"இன்னிக்கும் பேய் போவலன்னா இவ அம்மா ஊட்டுக்குப் போவட்டும். புள்ள எங்கிட்ட இருக்கட்டும்."

பிள்ளை என்றதும் இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பம்பை முழங்கியது. சாமி அறுத்தார். பழம் சிவப்பு!

"போவ மாட்டேங்குது! தலமுடிய வெட்டி புளியமரத்துல ஆணி அடிக்கணும்!"

"பேய் இல்லாதவங்களுக்குப் பழம் எப்படி இருக்கும் சாமி?" என்று கேட்டாள் இசைவாணி.

"வெள்ளையா இருக்கும்."

அவள் சட்டென்று கத்தியைப் பிடுங்கினாள். கதிரவன் தலைக்கு மேல் ஒரு பழத்தை அறுத்தாள். சிவப்பு! சிப்காட்டில் நாளெல்லாம் ஆசிடோடு புழங்குகிற அந்தக் கெமிஸ்ட்ரி பட்டதாரி, ஐயோ என்று தலையைத் தடவிப் பார்த்தான்.

"மோகினி அவனுக்குத் தாவிடுச்சு!" என்று சாமி கத்தினார்.

அடுத்த பழம் சாமியின் தலைக்கு மேல். அதுவும் சிவப்பு! பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். இசைவாணி கத்தியைச் சாமியின் வெள்ளை வேட்டியிலேயே அழுத்தித் துடைத்தாள். பிறகு இன்னொரு பழம் அறுத்தாள். பளிச்சென்று வெள்ளை! வேட்டியிலோ திட்டுத் திட்டாக, கத்தியில் தடவி வைத்திருந்த செம்பருத்திச் சாறு.

"மோகினி உங்க வேட்டிக்குத் தாவிடுச்சு சாமி!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. சாமி பின்பக்கமாக நழுவினார்.

கடலூரில் டாக்டரம்மா சொன்னார்: "சில பேருக்கு இந்த மாத்திரை மனசையும் ஆசையையும் கொஞ்சம் மந்தமாக்கலாம்மா. எல்லாருக்கும் இல்ல. நிறுத்திப் பார்ப்போம். வேற முறை நெறைய இருக்கு. ஆம்பளைக்கும் இருக்கு."

கதிரவன் மின்விசிறியைப் பார்த்தான்.

சில வாரங்களில் இசைவாணியின் சிரிப்பு திரும்பி வந்தது. பிள்ளையும் அவள் இடுப்பிலேயே இருந்தது.

நீ யார், எந்த ஊர் என்று பேயிடம் மூன்று வாரம் விசாரித்த புண்ணியவான்களே! உனக்கு என்னம்மா செய்கிறது என்று அந்தப் பெண்ணிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?