அனுமதியின்றி எரிந்த கொழுப்பு

கிறீச்... கிறீச்... தாழ்வாரத்தின் கோடியில் இந்தச் சத்தம் கேட்டாலே ஈரத்துணி வண்டி வருகிறதென்று ஆஸ்பத்திரி மொத்தமும் வழிவிடும். வண்டிக்குப் பின்னால் சலவைக்கூடத்து அக்கா வருவார். அவருக்கு மாதவிடாய் நின்று சில வருஷமாகிறது. வண்டி மட்டும் நின்றதில்லை.

ஒரு நாள் நலவாழ்வு அதிகாரி ஊழியர்களைக் கூட்டி அறிவித்தார். மாதவிடாய் நின்றபின் பெண்களின் உடம்புக்குக் கொழுப்பை எரிப்பதில் சுணக்கம் வந்துவிடுகிறது. நிதானமாக, நெடுநேரம் மிதித்தால் அந்தச் சுணக்கம் தீரும். ஆகவே நிர்வாகம் பெருங்கருணை கொண்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்றைத் தருவித்துள்ளது.

அக்காவின் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். சைக்கிளுக்கு இருக்கை உண்டு. சலவைக்கூடத்தில் ஒரு முக்காலி கூடக் கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"என் பேரையும் சேத்துக்குங்க சார்."

முகத்தில் கவசம் மாட்டி, மிதிக்கவைத்து, கொழுப்பு எவ்வளவு எரிகிறதென்று அறிய மூச்சை அளந்தார்கள். கருவியைப் பார்த்த அதிகாரியின் முகம் கறுத்தது.

"என்னம்மா இது? உங்க கொழுப்பு ஏற்கெனவே நல்லா எரியுதே."

"எரியட்டுமே சார்."

"யார் அனுமதி குடுத்தா? திட்டமே இன்னும் ஆரம்பிக்கல."

"நாள் பூரா வண்டி தள்ளுறேன். அதுல எரிஞ்சிருக்கும்."

"அது வேலை. வேலையில கொழுப்பு எரிய விதியில இடமில்ல."

அனுப்பிவிடலாம் என்றால் வேறு ஆள் இல்லை. மற்ற பெண்களில் யாரைக் கேட்டாலும், "எனக்கென்ன, அவ்வளவு வயசா ஆயிடுச்சு?" என்றார்கள். எனவே பயனாளியை முதலில் தகுதிக்குரிய நிலைக்குத் தாழ்த்துவது என்று முடிவாயிற்று. அதாவது, அக்கா சும்மா உட்கார வேண்டும்.

இதற்கென ஒதுக்கக்கூடிய நாற்காலி கட்டடத்தில் ஒன்றே ஒன்று, அதிகாரியுடையது. அதில் அக்கா அமர்ந்தார். மாற்றாளுக்கு அனுமதி வராததால் வண்டியை அதிகாரி தள்ளினார்.

சில வாரங்களில் அக்காவின் கொழுப்பு எரிவது மந்தமாயிற்று. அதிகாரி ஒரு கையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அக்காவைப் பாராட்டினார். பிறகு அக்கா மிதித்தார், மிதித்தார், முதல் நாள் இருந்த நிலைக்கே திரும்பி வந்துசேர்ந்தார். 'மகத்தான வெற்றி' என்றது அறிக்கை. அதிகாரியின் தொப்பை கரைந்தது அதில் இடம்பெறவில்லை. அவருக்கு மாதவிடாய் நிற்காததே காரணம்.

வெற்றி பெற்ற சைக்கிளை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா சலவைக்கூடத்துக்குத் திரும்பினார். அங்கே வண்டியைக் காணோம்.

கிறீச்... கிறீச்... தாழ்வாரத்தில் அதிகாரி வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பைக் கண்டு ஏங்கிய மற்ற அதிகாரிகள் புதுக் காலணி மாட்டி வரிசையில் நின்றார்கள்.

"சார், அது துணி வண்டி."

"துணி ஏத்தினா வேலையாயிடும்மா. சும்மா தள்ளினாத்தான் உடற்பயிற்சி."

"அப்ப உங்க நாற்காலி சும்மாதானே கிடக்கு?"

"அது உடற்பயிற்சி செஞ்சவங்க ஓய்வெடுக்க."

விரிப்பில்லாத கட்டில்களில் படுத்துக்கிடந்த நோயாளிகள் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நடக்க முடிந்தவர்கள் எழுந்துபோய் வரிசையில் சேர்ந்துகொண்டோம்.

அக்கா ஈர விரிப்புகளை ஒருமுறை பிழிந்து, மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மொட்டைமாடிக்குப் படியேறினார்.