ஆரம்ப நிலையில் ஒரு வால்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கே என் மனுவும் ஒன்று நிலுவையில் கிடக்கிறது) இசக்கி என்றொரு அரணை இருந்தாள். அரணைக்கு மறதி அதிகம், கடிக்க ஓடிவந்த இடத்தில் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டாலே இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாங்க மறக்கலட்டி, போனாப் போகுதுன்னு விட்டுருதோம்" என்பாள்.

அவளுக்கு ஒரு சிநேகிதி. பிச்சம்மா என்ற அணில். ஆவணி மாதத்தில் ஒருநாள் பிச்சம்மா வன விடுதிச் சமையலறைக்குள் நிலக்கடலை பொறுக்கப் போனாள். காற்றுக்குக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பிச்சம்மா வெளியே வந்துவிட்டாள், வால் உள்ளே நின்றுவிட்டது.

வால்தானே, அழகுக்கு இருந்தது போயிற்று என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அணிலாக இருந்து பார்க்க வேண்டும். கிளை விட்டுக் கிளை தாவும்போது உடம்பை நிலைநிறுத்துவது வால். பிச்சம்மா இரண்டு தடவை தாவிப் பார்த்தாள், இரண்டு தடவையும் தொப்பென்று தரையில் விழுந்தாள். அவள் கூடோ ஓடை நடுவே திட்டில் நிற்கும் இலவ மரத்தின் உச்சியில். அதில் இரண்டு பச்சைக் குட்டிகள். ஓடை காய்ந்து கிடந்ததால் இப்போதைக்குக் கல் மேல் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் கரை மரத்திலிருந்து தாவித்தான் கூட்டுக்குப் போக முடியும். குட்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாமே என்பீர்கள். கரையில் நனையாத பொந்து நாற்பது உண்டு, நாற்பதும் அந்தக் காட்டு வாரியத்தின் பூட்டுக்குள் (அந்த வாரியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). மற்றதிலெல்லாம் பாம்பு குடியிருந்தது.

"ஐப்பசிக்குள்ள எனக்கு வால் வேணும் இசக்கி. இல்லன்னா எம்பிள்ளைங்க அங்க, நான் இங்க" என்று பிச்சம்மா அழுதாள்.

இசக்கி வெறுமனே ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. அவள் வால் அறுந்தால் இருபது நாளில் முளைத்துவிடும். ஏன் முளைக்கிறது என்று நெடுநாளாகவே கவனித்து வைத்திருந்தாள். அறுந்த முனையில் ஓர் ஊறல் கசியும். அந்த ஊறலில் இருக்கும் செல்கள், தோலாவதா, சதையாவதா, எலும்பாவதா என்று இன்னும் முடிவெடுக்காதவை. உடனே அவற்றை வாரிய உறுப்பினர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், இவை கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

சிநேகிதிக்காக இசக்கி வாலை ஒடித்துப் போட்டு ஊறலை எடுத்தாள். பூசினால் நொடியில் காய்ந்து போயிற்று. அப்போதுதான் ஓடைக்கரை நண்டு சுடலை அண்ணாச்சியின் நினைவு வந்தது. அண்ணாச்சி வாழ்நாளெல்லாம் சண்டை போட்டுக் கொடுக்கை இழந்து, திரும்ப முளைக்க வைத்தவர். கொடுக்கு முளைக்கும் இடத்தில் அவர் உடம்பு மெல்லிய சவ்வொன்றைப் போர்த்திக்கொள்ளும். ஈரம் காயாது.

"சவ்வு தாரேன் தாயி, அதுக்கென்ன. சண்டைக்கு மட்டும் கூப்பிடாத, இந்த மாசம் ஓய்வு" என்றார் அண்ணாச்சி.

அரணை ஊறலைப் பூசி, மேலே நண்டுச் சவ்வைப் போர்த்தினார்கள். எட்டாம் நாள் பிச்சம்மாவின் முதுகுக்குக் கீழே கடுகளவு ஒரு முளை. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. மூவரும் கூத்தாடினார்கள். கூத்தாடி முடித்து வந்து பார்த்தால், இலையில் வைத்திருந்த மிச்ச மருந்தை எறும்பு ஒரு பொட்டு விடாமல் தின்றிருந்தது. அதோடு முளையும் கடுகளவிலேயே நின்றுவிட்டது.

ஆக, வேண்டியது ஒன்றே ஒன்று. எறும்பு வராத ஒரு பொந்து. வாயைச் சுற்றிப் பிசின் பூசிய பொந்து. வாரியத்தின் நாற்பது பொந்துக்கும் பிசின் பூசித்தான் வைத்திருந்தார்கள்.

காட்டு உறுப்பு மீள்வளர்ச்சி வாரியம் என்று அதற்குப் பெயர். தலைவர் மயில். வாலைப் பற்றி முடிவெடுக்க அவரைவிடத் தகுதியான ஆள் யார், சொல்லுங்கள்! வாசலில் குமாஸ்தா ஓணான். இசக்கி போய்க் கேட்டதும் அவர் சந்தோஷமாகவே சொன்னார்.

"உங்களுக்குன்னே ஒரு திட்டம் இருக்கும்மா. கூட்டு முயற்சி ஆரம்ப நிலை ஆராய்ச்சி ஊக்கத் திட்டம். பொந்து உண்டு, மூணு மாச இரை உண்டு. ரெண்டு இனம் சேந்து செய்யணும்."

"சேந்துட்டோம்யா. நானும் நண்டு அண்ணாச்சியும்."

"ஆரம்ப நிலையா இருக்கணும். முடிவு எதுவும் வந்திருக்கப்படாது."

"சரிங்கய்யா."

"முடிவு நிச்சயமா வரும்ங்கிறதுக்கு ஆதாரம் இணைக்கணும்."

"முடிவே வராம ஆதாரத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஓணான் தலையாட்டினால் ஆமாம் என்று அர்த்தமில்லை, அவருக்கு அது ஒரு பழக்கம். இது தெரியாமல் அந்தக் காட்டில் பாதிப் பேர் வேலை முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

விண்ணப்பம் போனது. புரட்டாசி முதல் வாரம் மயிலார் தோகையை இழுத்துக்கொண்டு நேரில் ஆய்வுக்கு வந்தார். இசக்கி வெள்ளந்தி. பிச்சம்மாவை முன்னால் நிறுத்தி, "பாருங்கய்யா, முளைச்சிருக்கு!" என்று பெருமையாகக் காட்டினாள்.

மயிலாரின் முகம் சுருங்கியது. "முளைத்துவிட்டதா? உன் வாலும் முளைத்திருக்கிறதே! அம்மணி, இது ஆரம்ப நிலை அல்ல. முன்னேறிய நிலை. இதற்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை."

"முன்னேறுனதுக்கு வேற திட்டம் இருக்குங்களாய்யா?"

"இருக்கிறது. அந்தத் திட்டம் இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இசக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிச்சம்மாதான் முதலில் எழுந்தாள். மரத்துக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது பின்பக்கம் ஒரு பொட்டு ரத்தம். கடுகளவு முளையைக் காணவில்லை.

"அடிப்பாவி, என்னட்டி செஞ்ச?"

"பிடுங்கிட்டேன். இப்ப ஆரம்ப நிலைதான? மறுபடி எழுதிப் போடு. எறும்பு வராத பொந்து கெடச்சா மறுபடி முளைக்க வச்சிரலாம்" என்றாள் பிச்சம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இசக்கிக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டாம் விண்ணப்பத்தில் கையெழுத்துத் தகராறு. முதல் தடவை அண்ணாச்சி வலது கொடுக்கால் கீறியிருந்தார். நடுவில் நீர்நாயோடு ஒரு வாய்த்தகராறு வந்து அந்தக் கொடுக்கு போய், இப்போது சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. அதனால் கீறினால் கீறல் மெலிதாக விழுந்தது.

"கையெழுத்து ஒத்துப் போகலயே. பழைய கொடுக்கைக் கொண்டாங்க" என்றார் ஓணான்.

"அது நீர்நாய் வயித்துல இருக்குவே! கொடுக்கு முளைக்குங்கிறதுக்கு இதுதானவே ஆதாரம்? நீரு கேட்டது இதைத்தான?" என்று அண்ணாச்சி கத்தினார்.

ஓணான் தலையாட்டினார். கடைசியில் இடது கொடுக்கால் புதுக் கையெழுத்துப் பதிந்து, அதை வேறொரு நண்டு சாட்சி சொல்லி, அந்த நண்டை இன்னொரு நண்டு அடையாளம் காட்டி, ஒருவழியாக மனு உள்ளே போனது. ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலையில் இசக்கி வாலை ஒடித்துப் போட்டுவிட்டு ஆரம்ப நிலையில் காத்திருந்தாள். மயிலார் வரவில்லை.

விசாரித்தால், தலைவருக்குத் தோகை உதிரும் பருவமாம். மொட்டையாக வெளியே வர வெட்கப்பட்டு மருத்துவ விடுப்பில் இருந்தார். முளைத்த பிறகுதான் அலுவலகம் வருவாராம். அவருக்கு முளைக்கிறவரை இரையெல்லாம் வாரியச் செலவு. அது முன்னேறிய நிலையா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டவர்கள் அந்தக் காட்டில் இப்போது இல்லை.

இசக்கியின் வால் வளர்ந்துவிட்டது. அடுத்த தேதி சொன்னார்கள், மறுபடியும் ஒடித்தாள். தேதி தள்ளிப் போனது. வந்த வாலோ இந்தத் தடவை சூம்பிப் போய்க் கறுத்து வந்தது. "போதும்ட்டி, ஒனக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கு" என்று பிச்சம்மா கெஞ்சினாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இசக்கி அதைப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் ஒடித்து, கசிந்த ஒரு துளி ஊறலை நண்டுச் சவ்வில் பொதிந்து இலையில் மடித்து, எறும்பு வராமல் காவல் காத்தாள். அதற்குப் பிறகு வால் வரவில்லை. அரணைக்கு வால்தான் பத்தாயம், தின்றதில் மிஞ்சுவது அங்கேதான் கொழுப்பாகச் சேரும். இசக்கி எலும்பும் தோலுமாக, நடந்தால் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு திரிந்தாள்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போய், ஐப்பசிக் கடைசியில் முதல் தூறல் விழுந்த அன்று மயிலார் வந்தார். பாதி முளைத்த புதுத் தோகையை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு இசக்கியின் மொட்டை முனையைக் குனிந்து பார்த்தார். பிறகு பிச்சம்மாவின் மொட்டை முனையையும் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அபாரம்! எதுவுமே இல்லை! இவ்வளவு சுத்தமான ஆரம்ப நிலையை என் பதவிக்காலத்தில் பார்த்ததில்லை. உடனே அனுமதி கொடுங்கள்."

ஓணான் தலையாட்டினார். இந்தத் தடவை சாவியையும் கொடுத்தார்.

அன்று மாலையே பிச்சம்மா ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி இறக்கி, ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே கல் மேல் ஓடிவந்து பொந்துக்குள் சேர்த்தாள். மறுநாள் கல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, வெள்ளம் பேரிரைச்சலோடு போனது. பொந்துக்குள் சொட்டு ஈரம் இல்லை. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கின. இசக்கி அந்தக் கடைசித் துளியை எடுத்து, அண்ணாச்சியின் சவ்வோடு பிச்சம்மாவுக்குப் பூசிவிட்டாள். எறும்பு ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் முளைத்தது. கடுகளவு. வெதுவெதுவென்று.

"பிச்சம்மா! வந்துட்டுட்டி! வந்துட்டு!" என்று இசக்கி கூவினாள்.

பிச்சம்மா கூவவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "நாளைக்குச் செவ்வாக்கிழம. ஆய்வுக்கு வருவாங்க. முன்னேறிட்டுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பொந்தப் பூட்டிக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்கோம்லா? வால் முழுசா வளர மூணு மாசம் ஆவும். வெளியே பாரு" என்றாள்.

இசக்கி வெளியே பார்த்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தாள். ஒரு குட்டி தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டது. முன்பு மரத்துக்குப் பின்னால் போய் பிச்சம்மா தானே பிடுங்கிக்கொண்டாள். இப்போது முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, "நீயே பிடுங்குட்டி. எனக்கு மனசு வரல" என்றாள்.

இசக்கி பிடுங்கினாள்.

ஆய்வறிக்கையில் "முடிவு: ஏதுமில்லை" என்று எழுதிப் போனது. வாரியம் மகிழ்ந்து திட்டத்தை நீட்டித்தது. எறும்பு தொடாததால் இந்தத் தடவை ஊறல் வேலையை நிறுத்தவில்லை போலிருக்கிறது, பத்து நாளைக்கு ஒருமுறை அந்த முளை விடாமல் வந்தது. இசக்கியும் விடாமல் பிடுங்கினாள். "மழை விடட்டும், வளர விட்டுரலாம்" என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

மார்கழியில் மழை விட்டது. தையில் குட்டிகள் வளர்ந்து, தாவி, வேறு மரம் பார்த்துப் போய்விட்டன. ஒருநாள் அண்ணாச்சி வந்து, "இப்ப ஏன் தாயி பிடுங்குத? பிள்ளைங்கதான் போயிட்டுகளே, பிச்சம்மாவுக்கு வால வளர விடேன்" என்றார்.

அப்போது இசக்கி மூத்த ஆரம்ப நிலை ஆய்வாளர் ஆகியிருந்தாள். மற்றொரு பொந்தும் ஒதுக்கியிருந்தார்கள். இரை தானாக வந்தது. வால் இல்லாமலேயே உடம்பு தேறியிருந்தது. பிச்சம்மா மூலையில் உட்கார்ந்து, தூரத்துக் கிளையில் தன் குட்டிகள் தாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் செவ்வாக்கிழம அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "வளர விட்டா எல்லாம் கெட்டுப் போகும்லா? இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கோம்."

"எதுக்கும்மா இத ஆரம்பிச்சோம்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

இசக்கி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, சாய்ந்து நின்று, வெகுநேரம் யோசித்தாள். விண்ணப்ப எண் ஞாபகம் இருந்தது, ஆய்வுத் தேதிகள் எல்லாம் ஞாபகம் இருந்தன, சாட்சி நண்டின் பெயர்கூட ஞாபகம் இருந்தது. அந்த ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "முதுகத் திருப்புட்டி" என்று பிச்சம்மாவைக் கூப்பிட்டாள்.

நீதி: வால் வளர்க்க உதவி வாங்கினால், அந்த உதவி வந்துகொண்டிருக்கிறவரை வாலை வளர விடாதீர்கள். விளக்கம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம், என் மனு இப்போதுதான் நல்ல ஆரம்ப நிலைக்கு வந்திருக்கிறது.