பித்தளைக் கழுகுக்குக் காய்ச்சல்

நைல் கரையிலிருந்த அந்த வனவிலங்குப் பூங்காவில் நீர்யானைக்குப் பல்வலி வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. மருந்து வாங்குவதற்குத்தான் சீட்டில் அரசாங்கத்தின் கழுகு முத்திரை விழ வேண்டும்.

நீர்யானையின் பெயர் லவாஹிஸ். மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை, தாடை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. பதினோரு வருஷமாக அதை வளர்த்த ஷஹாத்தாவுக்கு அவித்த மொச்சைகூடத் தொண்டையில் இறங்கவில்லை. மருத்துவர் நக்லா மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்ததும், அவர் அதைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் மரியாதையாக 'பாஷா' என்றழைக்கும் அலுவலர் ஃபிக்ரியிடம் ஓடினார்.

"முத்திரை குத்துங்க பாஷா. பிள்ளை வலியில துடிக்குது."

"முடியாதுப்பா. கழுகைத் தனியா வச்சிருக்கோம்."

"எந்தக் கழுகை?"

"முத்திரையைத்தான்யா!"

நடந்தது இதுதான். சென்ற வருஷக் கணக்கெடுப்பில் ஒரு குமாஸ்தா, மேசை இழுப்பறையிலிருந்த முத்திரையைக் கண்டு, "கழுகு, ஒன்று, பித்தளை" என்று கடமை உணர்வோடு எழுதிவைத்தார். அந்தத் தாள் விலங்குப் பட்டியலோடு சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. இப்போது பறவைக் காய்ச்சல். பட்டியலிலுள்ள கழுகுகள் யாவும் இருபத்தொரு நாள் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை. ஃபிக்ரி சுற்றறிக்கையை மீறுகிற ஆள் அல்ல. முத்திரையைக் கூண்டில் பூட்டி, குடிக்கத் தண்ணீரும் வைத்திருந்தார்.

"பித்தளைக்கு எப்படி பாஷா காய்ச்சல் வரும்?"

"தொட்டுப் பார்த்தேன். கொதிக்குது."

"வெயில்ல வச்சா கொதிக்காம என்ன செய்யும்?"

"நீ என்ன டாக்டரா? நல்லாயிருக்குன்னு டாக்டரம்மா சான்று குடுக்கட்டும், விட்டுடறேன்."

நக்லா பல்லைக் கடித்துக்கொண்டு சான்று எழுதினார். ஃபிக்ரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கழுகு முத்திரை இல்லையே?"

ஷஹாத்தாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பறவைப் பகுதிக்கு ஓடி, போன மாதம் அன்பளிப்பாக வந்த நிஜக் கழுகைத் தன் மேல்கோட்டில் சுற்றித் தூக்கி வந்தார். மேசையிலிருந்த மையில் அதன் காலைத் தோய்த்து, மருந்துச் சீட்டின்மேல் ஓங்கிப் பதித்தார்.

"ஐயோ, இதையும் தனியா வைக்கணுமே!" என்று அலறினார் ஃபிக்ரி.

"பட்டியல்ல இருக்கா பாருங்க."

இல்லை. புதிய பறவை இன்னும் பதிவாகவில்லை. பதிவாகாத பறவைக்குக் காய்ச்சல் வர விதியில் இடமில்லை. முத்திரை கழுகுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அது எந்த உலோகம் என்று சொல்லவில்லை.

"செல்லும்" என்றார் ஃபிக்ரி, பெருமூச்சோடு.

மருந்து வந்தது. நான்காம் நாள் லவாஹிஸ் வாயைத் திறந்து ஏழு தர்பூசணியை விழுங்கியது. ஷஹாத்தா சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரம் என்று கழுகுக் கூண்டின் முன்னால் வரிசை நீண்டது. இத்தனை தெளிவான முத்திரையை யாரும் பார்த்ததில்லை. இறைச்சி வைக்காவிட்டால் கழுகு காலைத் தூக்காது, அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கழுகுக்குப் பொறுப்பாளராக ஷஹாத்தாவையே நியமித்து, ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் நக்லா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஷஹாத்தா, லவாஹிஸுக்குத் திரும்பவும் தாடை வீங்கிடுச்சு! சீக்கிரம் முத்திரை வைங்க!"

ஷஹாத்தா தேநீரை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"எந்த லவாஹிஸ்? தகப்பன் பேரு போடலையே டாக்டரம்மா. எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க."