வெடிக்காத குடல்வாலுக்கு ஐந்து நாள்

மருத்துவமனைக் கூட்டத்தில் மருந்தகத் தலைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"குடல்வால் வெடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா, ஆபரேஷனுக்கு முன்னால ஒரே ஊசி போதும். இங்க எல்லாருக்கும் அஞ்சு நாள் ஆன்டிபயாடிக். ஒரு மாசத்துல நிறுத்திக் காட்டறேன். இல்லேன்னா என் அறையை விட்டுக் கொடுத்துடறேன்."

பதினெட்டு வருடம் நிலவறை மருந்தகத்தில் காய்ந்தவருக்குப் போன மாதம்தான் ஜன்னல் வைத்த அறை கிடைத்திருந்தது. இயக்குநர் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.

வார்டுப் பக்கம் தலைவர் எட்டிப் பார்த்தே பல வருடம். எல்லாம் போன்தான். "வெடித்தால் மட்டுமே ஐந்து நாள்" என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு அனுப்பினார்.

"சார், டாக்டருங்க எழுதற அந்த மருந்துத் தாள்ல..." என்று இழுத்தார் வார்டின் மூத்த நர்ஸ்.

"தாள் கிடக்கட்டும் சிஸ்டர். முதல்ல இதை ஒட்டுங்க."

அடுத்த வாரப் பட்டியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ஒன்று பாக்கியில்லாமல் அத்தனை குடல்வாலும் வெடித்திருந்தது.

விட்டாரா? வெடித்ததற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதச் சொன்னார். அதற்கடுத்த வாரம் ஐந்து நாள் ஏழு நாளானது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"சார், அந்தத் தாள்ல ஒரு விஷயம்..."

"நானே நொந்து போயிருக்கேன் சிஸ்டர். அப்புறம் பேசலாம்."

மாதக் கடைசி நாள் மனது கேட்காமல் வார்டுக்கே ஏறிப்போனார். தலைமை அறுவை மருத்துவர் ஆபரேஷன் முடித்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன் டாக்டர்? வெடிக்காததை எல்லாம் எதுக்கு வெடிக்க வச்சீங்க?"

"உங்க அறிவிப்பு, வெடிச்சாத்தான் அஞ்சுங்குது. மருந்துத் தாள்ல அஞ்சுன்னே அச்சடிச்சிருக்கு. ரெண்டுக்கும் பொருந்தட்டும்னு ஜூனியர்ஸ் பேப்பர்ல வெடிக்க வச்சுட்டாங்க. விளக்கம் எழுத ரெண்டு நாள் ஆச்சு, அதுக்கும் சேர்த்து மருந்து ஓடிடுச்சு."

"அந்த அஞ்சை அடிச்சுட்டு எழுத வேண்டியதுதானே?"

"மருந்தகத்துத் தாளாச்சே. அடிச்சா நீங்க கோவிச்சுப்பீங்க."

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். "எத்தனை நாள்" என்ற கட்டத்துக்குள் கொழுகொழுவென்று ஒரு 5 அச்சாகி உட்கார்ந்திருந்தது. புது அறையின் ஜன்னல் கண்ணெதிரே மூடிக்கொண்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எந்த மகா புத்திசாலி இதை அச்சுக்குக் கொடுத்தது? அவனைப் பிடிச்சு ஆயுசுக்கும் நிலவறையில போடணும்."

மூத்த நர்ஸ் மேசை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அதைத்தான் சார் ஒரு மாசமா சொல்ல வரேன், எப்படி நிரப்பணும்னு மாதிரிக்கு ஒரு கட்டத்தை நிரப்பி நீங்க அச்சகத்துக்கு அனுப்பின தாள் இது, அவங்க அப்படியே அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க."