பாலக்கரையில் துப்பாக்கிச் சத்தம்

ராத்திரியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிற மனிதர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சத்தம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மனிதர் இருந்தால் போதும். நீங்களும் நானும் தூங்கும்போது இவர் மட்டும் விழித்திருந்து நமக்கும் சேர்த்துக் கேட்பார். விடிந்ததும், நாம் பல் விளக்கி முடிப்பதற்குள், முனிசிபல் குழாயடியில் நின்று கேட்டதையெல்லாம் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, ஆபீசுக்குப் போய் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

பாலக்கரையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் அருள்நாதன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. துப்பாக்கி என்ற பொருளை அவர் பார்த்ததெல்லாம் கஜானா வாசலில் காவல் நிற்கும் போலீஸ்காரரின் தோளில்தான். அதுவும் எதிர்ச்சாரியில் நடந்தபடி. ஆனால் சத்தத்தை வைத்தே இது ரெட்டைக்குழல், இது போலீஸ் ரைபிள், சுட்டவன் இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்பது வரை சொல்லிவிடுவார். அவர் மனைவி லூர்துராணியை விசாரித்தால், அந்த நேரத்தில் தனக்குக் கேட்டது இவருடைய குறட்டை ஒன்றுதான் என்பார். பக்கத்தில் இடி விழுந்தாலும் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று அருள்நாதன் அந்தச் சாட்சியைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

கேட்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, திருச்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் நடத்தைச் சான்றிதழ் வழங்குவது. இன்ன இடத்தில் வீடு பார்த்திருக்கிறேன் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "அந்தப் பக்கமா?" என்பார். அந்த 'மா'வை அவர் இழுக்கிற இழுப்பில், இறக்கிய சாமான்களை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு ஜூன் மாதக் காலையில் வள்ளிக்கண்ணு வந்து மாட்டினாள்.

துறையூருக்கு அப்பால் பச்சமலை அடிவாரத்துப் பெண். அவர்கள் ஊரில் படித்து டீச்சரான முதல் பெண் அவள்தான். பாலக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அப்பா சின்னையா சோளமும் கடலையும் போடுகிற சம்சாரி. மகள் வேலைக்குப் போவதில் அவருக்குப் பாதி மனசு. மீதி மனசு, தன் மகனுக்குப் பெண் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த தங்கையின் பக்கம் இருந்தது. பத்திரமான வீடு அமைந்தால் வேலை, அமையாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

எங்கள் தெரு வெள்ளையம்மாள் வீட்டு மாடி அறை அவருக்குப் பிடித்துப்போயிற்று. தனியாக இருக்கிற அந்த அம்மாளையும் பிடித்தது. கதவுத் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். வள்ளிக்கண்ணு டிரங்குப் பெட்டியை மாடிப்படியில் வைக்கப் போன சமயத்தில் அருள்நாதன் வந்து சேர்ந்தார்.

வந்தவர் நேற்று ராத்திரி இரண்டு குண்டு வெடித்ததைச் சொன்னார். எதிர் சோடாக் கடைக் கலீல் பாய் கையில் துடைப்பத்தோடு வந்து, வெடித்தவை தன் கடை சோடா பாட்டில்கள் என்றும், அந்தக் கண்ணாடியைத்தான் காலையிலிருந்து கூட்டிக்கொண்டிருப்பதாகவும் சொல்லிப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் அதோடு கிளம்பியிருப்பார். அருள்நாதன் அசையவில்லை.

"பாட்டில் ஏன் வெடிச்சுது பாய்? துப்பாக்கி அதிர்ச்சியிலதான்" என்றார்.

கலீல் பாய் துடைப்பத்தோடு கடைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அவர் கடையைச் சீக்கிரமே சாத்த ஆரம்பித்தார் என்பது தனிக் கதை.

சின்னையாவின் முகம் மாறிவிட்டது. தேடிக்கொண்டிருந்த காரணம் தானாகவே நடந்து வந்து நிற்கிறது. பெட்டியை எடு, போகலாம் என்றார். வள்ளிக்கண்ணு படியிலேயே நின்றாள். இந்தப் படியைவிட்டு இறங்கினால் அடுத்து பஸ் ஸ்டாண்டு, அதற்கடுத்து கல்யாணப் பந்தல் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பொறந்ததே இங்கதாம்மா."

"யாருக்காவது குண்டு பட்டிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல" என்றார் அருள்நாதன், சற்று வருத்தமாக. "அதான் எனக்கும் புரியலை."

அவள் விடவில்லை. திருச்சியில் வேறு எங்கேதான் இருக்கலாம், நீங்களே ஓர் இடம் சொல்லுங்கள் என்றாள். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார்? தென்னூர் பகலில் பரவாயில்லை. விளக்கு வைத்த பிறகு அவர் பொறுப்பில்லை. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் இருக்கிறார், வாஸ்தவம். பெருமாளைப் பார்க்க எட்டுத் திக்கிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்களே, அத்தனை பேரும் பெருமாளைப் பார்க்கத்தான் வருகிறார்களா? எடமலைப்பட்டி புதூரில் கூப்பிட்டால் கேட்க ஆளே கிடையாது. ஒவ்வோர் இடமாக அவர் மூடிக்கொண்டே வர, அவள் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் இந்த இனத்துக்கு நிறுத்தத் தெரியாது. பெரியவருக்கு எந்த ஊர் என்று கேட்டார். சின்னையா சொன்னார்.

"பச்சமலை அடிவாரமா?" அருள்நாதன் கண்ணை மூடித் திறந்தார். "அங்க வீட்டுக்கு வீடு நாட்டுத் துப்பாக்கி இருக்குமே. வயசுப் பொண்ண அங்கயா வச்சிருக்கீங்க?"

சின்னையா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்ல ராத்திரி வெடிச் சத்தம் கேட்டா, சோளக் கொல்லையில காட்டுப்பன்னி எறங்கியிருக்குன்னு அர்த்தம். திரும்பிப் படுத்துக்குவோம். இவ தொட்டில்ல தூங்குனதே அந்தச் சத்தத்துலதாங்க. எங்க ஊரப் போயி குத்தம் சொல்றீங்களே" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "பெட்டியை மேல கொண்டு போய் வை கண்ணு. இவரு பேச்சைக் கேட்டா மனுசன் எங்கயும் குடியிருக்க முடியாது."

கோபம் ஆறுவதற்குள் சின்னையா மத்தியான பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வள்ளிக்கண்ணு மாடிக்குப் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு தனியாகச் சிரித்தாள். ஒரு பெண்ணைப் பச்சமலையிலிருந்து காப்பாற்றியது தான்தான் என்று அருள்நாதன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதை சுபமாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மறு வருஷம் அதே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு டீச்சர், தென்னூரில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாளாம். "தென்னூரா?" என்றாளாம் வள்ளிக்கண்ணு. "எதுக்கும் நல்லா விசாரிச்சுக்குங்க." தென்னூருக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள், ஒரு கல்யாணத்துக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் மைத்துனர் ஊருக்கு வெளியே மனை வாங்கப்போவதாகச் சந்தோஷமாக வந்து சொன்னாரே, அவரிடம் என்ன சொன்னீர்கள்? பொழுது சாய்ந்தால் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காதே என்றுதானே? பொழுது சாய்ந்த பிறகு நீங்கள் எப்போது அங்கே போனீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.