பதினோராவது வரி

பதினோராவது வரி பொய். அது அவளுக்குத் தெரியும்.

பத்தாவது வரி வரைக்கும் கணக்கு தன் காலால் நடந்து வந்தது. பதினோராவதில் அவள்தான் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டியிருந்தாள். தாண்டியது தெரியாமலிருக்க, ‘இதிலிருந்து தெளிவாகிறது’ என்று எழுதி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை செமினார். தேறினால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம். ‘இந்த வருசம் முடிச்சிடுவா’ என்று அப்பா தெருவெல்லாம் நான்கு வருடமாகச் சொல்லி வருகிறார். இந்த முறை அம்மாவே நம்பிவிட்டாள்.

“அப்படியே விடும்மா,” என்றார் கைடு. “தெளிவாகிறதுன்னு போட்டுட்டா எவனும் கேக்க மாட்டான். கேட்டா அவனுக்குத் தெளிவாகலன்னு ஆயிடும்ல?”

“கடைசி வரிசைப் பெரியவர் கேப்பாரே சார்?”

கைடின் முகத்தில் ஈயாடவில்லை.

பெரியவர் ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு வருவார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ஐந்தாவது நிமிடம் கண் செருகிவிடும். எல்லாம் முடிகிற நேரத்தில் நிமிர்ந்து, பலகையில் ஒரே ஓர் இடத்தைக் காட்டி, “இந்த இடத்துல என்ன பண்ணீங்க?” என்பார். ஓட்டை சரியாக அங்கேதான் இருக்கும். போன மாதம் வந்த வெளிநாட்டுப் பேராசிரியர் பலகையைப் பார்த்தார், தன் தாளைப் பார்த்தார், டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

“அவர் எந்த ஏரியா சார்?”

“அல்ஜீப்ராவா இருக்கும்.”

அல்ஜீப்ராக்காரர், “புள்ளியியல் ஆளில்லையா அவர்?” என்றார். புள்ளியியல்காரர், “என்னம்மா, அவரைத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டாரே தவிர, தனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ஐந்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

பயத்தைவிட அவளை அதிகம் அரித்தது வேறு. தன் கணக்கிலிருந்த ஓட்டையை அவளே கண்டுபிடிக்கப் பல வாரம் ஆனது. தூங்குகிற மனுசனுக்கு எப்படித் தெரிகிறது?

அதைப் பிறகு யோசிக்கலாம் என்று, முதலில் அறையை மாற்றினாள். மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, சுற்றி எட்டு நாற்காலி. கடைசி வரிசையே இல்லாவிட்டால் பெரியவர் எங்கே உட்காருவார்? மாற்றி முடித்த பிறகுதான் உறைத்தது: கைக்கெட்டும் தூரத்தில் உட்காருவார்.

ஆபீஸ் அக்காவிடம் ஓடினாள்.

“அக்கா, என் செமினார் நோட்டீஸை போர்டுல ஒட்டாதீங்க.”

“ஏண்டி, செமினார்தானே நடத்தப் போற? ஓடிப்போயா கல்யாணம் பண்ணிக்கப் போற?”

“ஒட்டாதீங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்.”

அக்கா ஒட்டவில்லை. துறைத்தலைவி அதைக் கவனித்துவிட்டார். “பெரியவருக்குச் சொல்லாம நடத்தினா நம்மள என்ன நினைப்பார்?” என்று பதறி, வாசலிலேயே காத்திருந்து அவரைக் கையோடு அழைத்து வந்தார். அதுவும் போதாதென்று, “நீங்கதான் இன்னிக்குத் தலைமை,” என்றார். மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடுவது தலைமை தாங்குபவர்.

“உக்காரச் சொன்னா உக்கார்றேம்மா,” என்றார் பெரியவர்.

பத்து வரியும் வழுக்கிக்கொண்டு போயின. பதினோராவதை மூலையில் பொடி எழுத்தில் எழுதி, முதுகால் மறைத்துக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றே மிச்சத்தையும் பேசி முடித்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா.”

தள்ளினாள்.

“இந்த இடத்துல என்ன பண்ணே?”

கைடு மேசைக்கடியில் எதையோ தேடப் போனார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“தெரியல! எட்டு மாசமா முட்டிக்கிறேன், வரல! தெளிவாகிறதுன்னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்கன்னாங்க, எழுதினேன். இங்க எல்லாரும் அதைத்தானே பண்றீங்க?”

பெரியவர் மட்டும் தலையாட்டினார். “அவ்வளவுதான். ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு.”

“உண்மையச் சொன்னா,” அல்ஜீப்ராக்காரர் தொண்டையைச் செருமினார், “எனக்கும் அங்கதான் இடிச்சுது.”

“எனக்கு நாலாவது வரியிலேயே,” என்றார் புள்ளியியல்காரர்.

அப்புறம் ஒரே இரைச்சல். துறைத்தலைவி ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அல்ஜீப்ராக்காரர் அதைத் தப்பாக எழுதினார். அவர் எழுதிய தப்பிலிருந்து அவளுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. அவர் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, விடுபட்ட இரண்டு வரியையும் அவளே எழுதினாள். பள்ளம் மூடியது.

தேறிவிட்டாள். துறைத்தலைவி காட்டிய இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். அவள் தாளோடு ஆபீசுக்குப் பறந்தாள்.

அக்கா கையெழுத்தைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“அவர் யாருக்கா? எந்த ஊர்ல படிச்சவர்? தூங்கிக்கிட்டே எப்படிக்கா கண்டுபிடிக்கிறார்?”

“எங்கப்பாடி அது! நான் வேலை முடிச்சுக் கிளம்பற வரைக்கும் ஏசில உக்காந்திருப்பார். கூட்டல்கூட விரல் விட்டுத்தான் போடுவார். ஆனா முப்பது வருசம் பஸ்ஸுல செக்கிங் பண்ணினவர், தூங்கற மாதிரி இருந்துகிட்டே, டிக்கெட் எடுக்காதவங்களை மூஞ்சியப் பாத்தே பிடிச்சிடுவார்.”