செங்கமலம் கடைத் தயிர்சோறும் காகத்தின் தொண்டையும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் வேதவல்லி. போன ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி, அம்மன் கோயிலில் கூழ் வாங்க நின்ற வரிசையில் சொன்னாள். வரிசையும் நீளம், கதையும் நீளம். கூழ் கைக்கு வரவும் கதை முடியவும் சரியாக இருந்தது. அவள் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன். எங்கேயாவது உப்புக் கூடியிருந்தால் அது என் கை.

ஒரு காட்டில் கருமாணிக்கம் என்று ஒரு காகம் இருந்தது. காடு என்றதும் மரமும் புதருமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பட்டணத்துக் காடு. தலைக்கு மேலே ரயில் ஓடும். காலுக்குக் கீழே எப்போதும் யாராவது பள்ளம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே எந்த மிருகமும் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. புலிகூட வேட்டையை விட்டுவிட்டு, போனைத் தட்டிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் முதுகில் சுட்ட பிறகுதான் எல்லாம் எழுந்திருக்கும். பலகாரத்துக்கு நேரம் தாண்டியிருக்கும், சாப்பாட்டுக்கு நேரம் வந்திருக்காது. அந்த நேரத்தில் கூட்டமாகப் போய் ஒன்று சாப்பிடும். பிரஞ்ச் என்று அதற்கு நாகரிகமாக ஒரு பெயர். கருமாணிக்கத்தின் மனைவி நீலவேணி வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான் சாப்பாடு.

என்ன நாகரிகம் வந்தாலும் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. நம் வீட்டு வழக்கம்தான். சோறு இறக்கினால் முதல் பிடி காகத்துக்கு. கடைக்காரர்கள் கூரைமேல் ஒரு பிடி வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டு, அவன் வந்து கொத்திய பிறகுதான் கடை திறப்பார்கள். செத்துப்போன தாத்தாவே வந்து சாப்பிட்டதாக அவரவருக்கு நிறைவு. கருமாணிக்கம் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. யார் "தாத்தா" என்று அழைத்தாலும் தலையைச் சாய்த்து, அந்த வீட்டுச் சங்கதி எல்லாம் தெரிந்தமாதிரி ஒரு பார்வை பார்ப்பான்.

அதனால் எந்தச் சந்தில் எந்தக் கடையில் என்ன ருசி என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஒரு கோளாறு. நல்ல சோறு நாக்கில் பட்டால் அவன் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். கா கா என்று ஊரைக் கூப்பிடாமல் அடுத்த வாய் இறங்காது. சுமாரான சோறு என்றால் சத்தமே வராது. காக்கைப் பிறவிக்கே உள்ளது அது, அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

காடு இதைக் கண்டுகொண்டது. அவன் கரைகிற திசையில் புள்ளிமான்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடும். மற்றதெல்லாம் மான்களைப் பார்த்து ஓடும். ஏன் ஓடுகிறோம் என்று கேட்பதற்கு நேரம் இருக்காது.

அந்த வருஷம் நீலவேணி முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கூட்டை விட்டு அசைய முடியாது. அவளுக்கு வேண்டியதை அவன்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவனும் கொண்டுவந்தான். நெய் மிதக்கும் பொங்கல், முட்டைக்கோஸ் திணித்த ரொட்டி, பெயர் வாயில் நுழையாத எத்தனையோ. எதை வைத்தாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் ஒரே எண்ணெய் வாடை. குமட்டுதுங்க."

"நீலா, நீ சாப்பிடலைன்னா உடம்புல சூடு நிக்காது. சூடு இல்லைன்னா முட்டை எப்படிப் பொரியும்?"

"அது எனக்குத் தெரியாதா? வாய்க்கு இறங்கற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. இத்தனை கடை சுத்தறீங்களே, ஊருக்கெல்லாம் வழி காட்டறீங்களே!"

அவனுக்குச் சுருக்கென்றது. தெரிந்த கடைகளை விட்டுவிட்டுத் தெரியாத சந்துகளில் பறந்தான். பஞ்சர் கடைக்குப் பின்னால், பூவரச மரத்தடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒரு கடை இருந்தது. செங்கமலம் என்கிற எருமை நடத்திய கடை. ஒரே ஒரு பண்டம், தயிர்சோறு. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். பால் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை, கடைக்காரியின் சொந்தப் பால். கலப்படம் இல்லை என்று எழுதிவைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மண்சட்டியைச் சாய்த்தால்கூட அந்தத் தயிர் அசையாது. கருமாணிக்கம் ஒரு கொத்துக் கொத்தினான். தொண்டை விம்மிக்கொண்டு வந்தது. சட்டென்று நீலவேணிக்கென்று கடைக்காரி கட்டித்தந்த இலைப் பொட்டலத்தை அலகில் கவ்விக்கொண்டான். வாய் அடைத்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட, முக்கி முனகிக்கொண்டு கூடு வந்து சேர்ந்தான்.

நீலவேணி இலையையும் சேர்த்துத் தின்றாள். தின்றுவிட்டு முதல் கேள்வி கேட்டாள்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே."

"சொல்லாதீங்க. பிள்ளைங்க கண் திறக்கற வரைக்கும் சொல்லாதீங்க. உங்க தொண்டையை எனக்குத் தெரியும்."

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றான் அவன். மனசாரத்தான் சொன்னான்.

சில நாள் பொட்டலத்தை முதலில் கவ்விக்கொண்டு தப்பித்தான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கமலம் பிரியமாக, "தம்பி, இன்னிக்கு மோர் மிளகாய் வறுத்தேன், ஒரு கடி கடிச்சுப் பாரு" என்றாள். கடித்தான். நொறுங்கியது. பின்னாலேயே குளிர்ந்த தயிர் இறங்கியது.

கா! கா! கா!

அலகைக் கிளையில் தேய்த்தான். மூச்சைப் பிடித்தான். இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டான். அதற்குள்ளிருந்தும் கா என்றே வந்தது.

அடுத்த நிமிஷம் சந்து முனையில் குளம்புச் சத்தம் கேட்டது.

புள்ளிமான்கள் முதலில் வந்தன. தயிர்சோற்றைத் தரையில் வைத்து, மரத்தில் வைத்து, பஞ்சர் கடை டயரில் சாய்த்துவைத்துப் படம் எடுத்தன. வந்த கரடி, கடைக்குப் பெயர் இல்லை என்றதும், "பேரே இல்லையாம்! அசல் கடைன்னா இதுதான்!" என்று சொக்கிப்போயிற்று. வரிசை சந்தைத் தாண்டி, ரயிலடியைத் தாண்டிப் போனது. யானை டோக்கன் கொடுக்க ஆரம்பித்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. பெரிய உடம்பு, நடுவில் நின்றது, எல்லோரும் அதனிடம் கையை நீட்டினார்கள், அதுவும் கொடுத்தது.

செங்கமலம் எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரியே இருந்தாள். ஆனால் தயிருக்கு அந்தப் பொறுமை போதாது. அது உறைய வேண்டிய நேரத்தில்தானே உறையும்? சட்டி காலியானதும் காலிதான்.

மறுநாள் கருமாணிக்கம் வந்தபோது கூரைமேல் முதல் பிடி இல்லை. ஒரு மான்குட்டி நக்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அது காக்காய்க்கு வச்சது."

"அப்படியா மாமா? ருசி பார்க்கச் சும்மா வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

அவன் கீழே இறங்கி, "நான்தான் இந்தக் கடையைக் கண்டுபிடிச்சேன். வீட்டுல முட்டை அடைகாக்கறா. ஒரே ஒரு பொட்டலம்" என்று கெஞ்சினான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. டோக்கன் வாங்கிட்டு வரிசையில வாங்க" என்றது கரடி.

அவன் முறை வரும்போது சட்டி காலி. அதற்கடுத்த நாளும் காலி. நீலவேணி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு முட்டைமேல் இறக்கையைப் பரப்பிப் படுத்துக்கொண்டாள். அவன் பதறிப்போய் முட்டையைத் தொட்டுப் பார்த்தான். சூடு குறைந்த மாதிரி இருந்தது.

போய் வரிசை முழுக்கப் பறந்து பறந்து சொன்னான்: "போகாதீங்க, தயிர் புளிக்குது!"

"புளிக்குதா!" என்று மான்கள் கண்ணை விரித்தன. "புளிச்ச தயிர் குடலுக்கு அவ்வளவு நல்லதாமே! டாக்டர்களே சொல்றாங்களாமே!"

அன்று சாயங்காலத்துக்குள் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு வேன் வந்தது.

மாலையில் செங்கமலம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"தம்பி, இந்த வாரத்தோட கடையை மூடிடறேன். ஒரு பொண்ணு வந்து தயிர்சோத்துல ஸ்ட்ராபெர்ரி போடுங்கன்னு நிக்குது. இன்னொண்ணு என்னையே படம் எடுக்குது, கொம்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கங்குது. எனக்குக் குளத்துல போய்க் கிடந்தா போதும்."

"அக்கா, என் பிள்ளைங்க..."

"எனக்குத் தெரியுதுப்பா. இவங்க விடமாட்டேங்கறாங்களே. இவங்களுக்குப் பசியே இல்லை, அதைப் பார்த்தியா? வரிசைதான் வேணும். எங்க நின்னா என்ன?"

கருமாணிக்கம் தலையைச் சாய்த்தான். இந்த முறை நிஜமாகவே யோசித்தான்.

ரயிலடிக்கு எதிர்ப்புறம் 'தோகை கஃபே' என்று ஒரு கடை இருந்தது. முதலாளி மயூரநாதன் என்கிற மயில். சாய்வு நாற்காலி, தொங்கும் விளக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லாக் கண்ணாடியிலும் மயூரநாதன். ஈ காக்கை கிடையாது. ஈ வராததற்குச் சுத்தம் காரணம். காக்கை வராததற்கு, மயூரநாதன் முதல் பிடி வைக்காதது காரணம்.

"சார், காலையில ஒரு பிடி கூரைமேல வைங்க" என்றான் கருமாணிக்கம்.

மயில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பியது. "காக்காய்க்கு நான் சோறு வைக்கணுமா? நாங்க யாருன்னு தெரியுமா? முருகனுக்கே வாகனம்."

"நானும் வாகனம்தான் சார். சனி பகவானுக்கு. எதிர்ச்சந்து அக்காவோட வீட்டுக்காரர் யாருக்கு வாகனம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே ஸ்டாண்டுல நிக்கறவங்க. ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போகலாமே?"

மயூரநாதன் தோகையை மடக்கிக்கொண்டார். மறுநாள் காலை கூரைமேல் ஒரு பெரிய தட்டு இருந்தது. தட்டின் நடுவே தீய்ந்த ரொட்டித் துண்டு, அதன்மேல் பச்சையாக ஏதோ பூசியிருந்தது, அதற்கும் மேல் ஒரு பூ. கருமாணிக்கம் பூவைக் கொத்தினான். கசந்தது. ரொட்டியைக் கொத்தினான். அலகு வலித்தது. பச்சையை விழுங்கினான். முன்னோர்கள் அத்தனை பேரும் அவனுக்குள்ளிருந்து எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள்.

தொண்டை திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? பிறந்ததிலிருந்து ருசிக்காத சோற்றுக்கு அவன் கரைந்ததே இல்லை. கண்ணை மூடினான். 'சனீஸ்வரா, பிள்ளைகுட்டிக்காரன், மன்னித்துக்கொள்' என்று வேண்டினான். நீலவேணியின் காய்ந்த அலகை நினைத்தான். வறண்ட தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினான்.

கா! கா! கா! கா! கா!

ரயிலடி வரிசை ஒரு கணம் உறைந்தது. அப்புறம் மொத்தமாகத் திரும்பியது. முதலில் மான்கள், பின்னால் கரடி, அதன் பின்னால் டோக்கனோடு யானை. பஞ்சர் கடைச் சந்தில் புழுதி மட்டும் மிஞ்சியது.

தோகை கஃபேயில் கண்ணாடிக்கு முன்னால் நின்று எல்லாமே படம் எடுத்துக்கொண்டன. வெளியே வந்த ஒரு மானிடம் உள்ளே போகும் மான் கேட்டது.

"எப்படிடி இருக்கு?"

"தெரியலை. அவ்வளவு நேரம் நின்னோம்ல, நல்லாத்தான் இருக்கும்."

செங்கமலம் சட்டியை நிமிர்த்தி வைத்தாள். பூவரசடிக் கடைக் கூரையில் முதல் பிடி விழுந்தது. கருமாணிக்கம் ஒரு வாய் கொத்தினான். தயிர் இறங்கியது, தொண்டை விம்மியது. உடனே பொட்டலத்தைக் கூட்டில் சேர்த்துவிட்டு, ஒரே தாவலாகத் தாவி எதிர்ப்புறக் கூரைக்குப் பறந்தான். இங்கே உண்ட ருசியை அங்கே போய்க் கரைந்து தீர்த்தான். அன்றிலிருந்து தினமும் அதுவே வழக்கமானது.

இரவு நீலவேணி கேட்டாள். "ஏங்க, பொய் சொல்றது பாவமில்லையா?"

"நல்லாயிருக்குன்னு நான் எங்க சொன்னேன்? கா-ன்னுதானே சொன்னேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டையைப் புரட்டிவிட்டாள். சூடாக இருந்தது.

கடவுள் புண்ணியத்தில் பிள்ளைகள் நல்லபடியாகப் பொரிந்தன. ஒன்று மட்டும் கண் திறந்ததும் கூ என்றது. நீலவேணி அதற்கும் ஒரு வாய் தயிர்சோறு ஊட்டினாள். அது வேறு கதை.

மயூரநாதன் பக்கத்துக் கடையையும் வாங்கிக் கண்ணாடி பதித்தார். மான்கள் வரிசையில் திருப்தியாக நின்றன. செங்கமலம் மதியத்துக்குள் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் குளத்தில் கிடந்தாள். காடே ஒன்றுகூடி, தான் கண்டதை ஊருக்குச் சொல்லாமல் ஒரு வாயும் உண்ணாத உத்தமன் என்று கருமாணிக்கத்துக்குச் சால்வை போர்த்தியது. விழா விருந்து தோகை கஃபேயில். அவன் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான்.

நீதி: பகிர்ந்து உண்பது புண்ணியம். ஆகவே நல்லதை உண்க, மற்றதைப் பகிர்க.

நாளைக் காலையில் உங்கள் மாடிச் சுவரில் ஒரு கிண்ணம் தண்ணீர் மட்டும் வையுங்கள். கரைந்து கரைந்து காக்கைக்குத் தொண்டை வறண்டிருக்கும்.